ஆன்டிபயாடிக்கை ஆரம்பிக்க ஆள் இருக்கு, நிறுத்த யாரு? ஆஸ்பத்திரியில ஸ்டூவர்ட்ஷிப் தொடங்க முழு வழிகாட்டி

எந்த ஆஸ்பத்திரியிலயாவது ஒரு கேஸ் ஷீட்டை எடுத்துப் புரட்டிப் பாருங்க. ஆன்டிபயாடிக்கை யாரு எத்தனை மணிக்கு ஆரம்பிச்சாங்கன்னு பக்காவா இருக்கும், எதுக்கு ஆரம்பிச்சாங்கன்னு தேடித்தான் கண்டுபிடிக்கணும், எப்ப நிறுத்தணும்னு எழுதியிருந்தா அது அதிசயம். நைட் டியூட்டி டாக்டர் ஜுரத்தைப் பாத்து பிப்டாஸ்ங்கற பெரிய ஆன்டிபயாடிக்கைப் போடுறாரு, காலைல ரவுண்ட்ஸ் வர்ற சீஃப் "சரி, கன்டினியூ பண்ணுங்க"ன்னு சொல்லிட்டு அடுத்த பெட்டுக்குப் போயிடுறாரு, மூணாவது நாள் கல்ச்சர் (கிருமியை வளத்து எதுன்னு பாக்குற டெஸ்ட்) ரிப்போர்ட் வந்து ஃபைலுக்குள்ள சொருகியாச்சு ஆனா யாரும் பாக்கல, அஞ்சாவது நாள் ஒப்பீனியனுக்கு வந்த இன்னொரு ஸ்பெஷலிஸ்ட் இன்னொண்ணு சேத்துட்டுப் போறாரு, டிஸ்சார்ஜ்ல செஃபிக்ஸிம் மாத்திரை அஞ்சு நாளைக்குன்னு வீட்டுக்கும் போகுது. இதுல தனியா ஒருத்தரைக் குத்தம் சொல்ல முடியாது. ஆரம்பிக்கிற வேலைக்கு ஆள் இருக்கு, நிறுத்துற வேலை யாரோடதுன்னு யாரும் பேசி முடிவு பண்ணலை.

அந்த வேலைக்கு எப்படி ஆள் போடுறதுங்கறதுதான் இந்த வழிகாட்டி. ஆன்டிபயாடிக்கைத் தேவைக்கு மட்டும், தேவையான நாளுக்கு மட்டும் குடுக்குறாங்களான்னு கவனிக்கிற இந்த வேலைக்குப் பேருதான் ஸ்டூவர்ட்ஷிப். நான் கிளினிக்கல் பார்மசிஸ்ட், அதனால 100 பெட், 200 பெட் இருக்கிற நம்ம ஊர் தனியார் ஆஸ்பத்திரியையும் மாவட்ட அரசு ஆஸ்பத்திரியையும் மனசுல வச்சு எழுதுறேன். இன்ஃபெக்‌ஷியஸ் டிசீஸ் ஸ்பெஷலிஸ்ட் இருக்கிற பெரிய இடங்கள்ல இதுல பாதி ஏற்கனவே நடக்குது. இன்னொண்ணு, இது ஆஸ்பத்திரிக்குள்ள வேலை பாக்குறவங்களுக்கு. நோயாளியா இருக்கிறவங்க இதைப் படிச்சுட்டு தானா மாத்திரையை நிறுத்திடாதீங்க, டாக்டர்கிட்ட கேளுங்க.

அவசரம் ஏன்னு நாலு வரில சொல்லிடறேன். 2019-ல மட்டும் மருந்துக்குக் கட்டுப்படாத பாக்டீரியாவால உலகம் முழுக்க நேரடியா செத்தவங்க 12.7 லட்சம் பேர்னு கணக்கு. மெரோபெனம் மாதிரி பெரிய ஆன்டிபயாடிக்கையே உடைக்கிற என்டிஎம்-1ங்கற பாக்டீரியா என்ஸைம் நம்ம நாட்டுல பரவிக் கிடக்குன்னு 2010-ல லான்செட் குழும ஜர்னல்ல வந்த கட்டுரைக்கு சென்னையில எடுத்த சாம்பிளும் உண்டு. 2012 ஆகஸ்ட்ல மருத்துவ சங்கங்கள் எல்லாம் சென்னையில கூடித்தான் இதைச் சமாளிக்க "சென்னை பிரகடனம்"னு ஒண்ணைக் கொண்டு வந்தாங்க, 2014 மார்ச்ல ஷெட்யூல் எச்1 விதி (சில ஆன்டிபயாடிக்கை விக்கறப்ப ரெஜிஸ்டர்ல எழுதி வைக்கணும்ங்கறது) அமலுக்கு வந்துச்சு. பேப்பர்ல எல்லாம் இருக்கு, வார்டுலதான் இறங்கணும்.

படி 1: ஆள் பிடிங்க, கமிட்டி அப்புறம் பாத்துக்கலாம்

கமிட்டின்னா 14 பேர் பேரு எழுதி கையெழுத்து வாங்கி என்ஏபிஎச் (ஆஸ்பத்திரி தரச்சான்று) இன்ஸ்பெக்‌ஷனுக்கு ஃபைல் ரெடி பண்றதுன்னு ஆயிடுச்சு. உங்களுக்கு உண்மையில தேவை நாலே பேர்: பிசிஷியன் ஒருத்தர், மைக்ரோபயாலஜிஸ்ட் (பார்ட் டைமா இருந்தாலும், வெளி லேபா இருந்தாலும் போன்ல பேசுறவரா இருந்தா போதும்), பார்மசிஸ்ட், இன்ஃபெக்‌ஷன் கன்ட்ரோல் சிஸ்டர். இவங்கள்ல தினமும் ஒரு மணி நேரம் யாரு ஒதுக்கப் போறாங்கன்னு முதல் நாளே பேரோட எழுதிடுங்க. "டீமா பாத்துக்குவோம்"னு விட்டா யாரும் பாக்க மாட்டாங்க.

அடுத்து எம்.டி. (மேனேஜிங் டைரக்டர்) கிட்டயோ சூப்பரின்டென்டென்ட் கிட்டயோ கையெழுத்தோட ஒரு லெட்டர். பார்மசிஸ்ட் கேஸ் ஷீட்டைப் பாக்கலாம், டாக்டர்கிட்ட கேள்வி கேக்கலாம்னு அதுல இருக்கணும். இது இல்லாம போனா ரெண்டாவது நாளே "நீ யாரும்மா என்னைக் கேக்க"ன்னு ஒருத்தர் கேப்பாரு, கேட்டா நியாயம்தான்.

தனியார்ல காசு பேச்சு வரும், ஒளிக்க வேண்டாம். பார்மசி லாபத்துல விலை ஜாஸ்தியான ஆன்டிபயாடிக்குக்குப் பங்கு இருக்கு, அதைக் குறைக்கப் போறேன்னு சொன்னா மேனேஜ்மென்ட் முகம் மாறும். அப்போ முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல வர்ற கேஸை எடுத்துக் காட்டுங்க. அதெல்லாம் பேக்கேஜ் ரேட் (ஒரு சிகிச்சைக்கு மொத்தமா இவ்ளோன்னு), தேவையில்லாம உடைக்கிற ஒவ்வொரு வயலும் ஆஸ்பத்திரி கைக்காசு. எங்க அனுபவத்துல எம்.டி. தலையாட்டுறது இந்த இடத்துலதான், உலக சுகாதார நிறுவனத்தோட ஸ்லைடுக்கு இல்ல.

அப்புறம் ரொம்ப சீனியர் சர்ஜன். அவர் பேச்சைத்தான் தியேட்டர்ல எல்லாரும் கேப்பாங்க, அவரை மீட்டிங்குக்குக் கூப்பிட்டு உக்கார வச்சு புரிய வைக்கலாம்னு நினைக்காதீங்க, நேரம் கேட்டு அவர் ரூமுக்கே போய் "சார், ப்ரொஃபைலாக்ஸிஸ் ப்ரோட்டோகால் நீங்கதான் எழுதித் தரணும்"னு கேளுங்க. அவர் எழுதினதை அவரே மீற மாட்டாரு. (ப்ரொஃபைலாக்ஸிஸ்னா கிருமி தொத்தாம இருக்க முன்கூட்டியே போடுற மருந்து.)

படி 2: ஒரே ஒரு நாள் கணக்கெடுங்க

ஒரு புதன்கிழமை காலை 8 மணிக்கு வார்டுல இருக்கிற எல்லா நோயாளியோட டிரக் சார்ட்டையும் பாத்துடுங்க. ஆன்டிபயாடிக் ஓடுதா, எது, எத்தனையாவது நாள், காரணம் எழுதியிருக்கா, முதல் டோஸுக்கு முன்னாடி கல்ச்சர் போச்சா, நிறுத்துற தேதியோ ரிவ்யூ தேதியோ இருக்கா. ஆறு கட்டம் போட்ட ஒரு தாள், வேற எதுவும் வேண்டாம், சாஃப்ட்வேர் வாங்கித்தான் ஆரம்பிக்கணும்னு யாராவது சொன்னா அது தள்ளிப் போடுற வேலை.

நம்ம நம்பர் மோசமா இருக்குமேன்னு பயப்படாதீங்க. தேசிய நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021-22-ல 20 பெரிய ஆஸ்பத்திரிகள்ல இதே மாதிரி கணக்கெடுத்தப்போ நோயாளிகள்ல 71.9 சதவீதம் பேருக்கு ஆன்டிபயாடிக் ஓடிட்டிருந்துச்சு. அதுல பாதிக்கு மேல, 55 சதவீதம், இன்ஃபெக்‌ஷன் வந்ததுக்கு இல்ல, வந்துடக் கூடாதேன்னு போட்டது. இந்த கிருமிதான்னு தெரிஞ்சு அதுக்குக் குறி வச்சு வைத்தியம் பண்ணது ரொம்பக் கொஞ்சம். நாட்டோட பெரிய ஆஸ்பத்திரிகள் நிலைமையே அதுதான், வேலை எங்க ஆரம்பிக்கணும்னும் அந்த 55 சொல்லிடுது.

படி 3: முதல் மாசம் ஆபரேஷன் கேஸ் மட்டும்

எல்லாத்தையும் ஒரேடியா மாத்தப் போனா எல்லாரோடயும் ஒரேடியா சண்டை வரும். சர்ஜிக்கல் ப்ரொஃபைலாக்ஸிஸ்ல ஆரம்பிங்க, ஏன்னா இங்க நோயாளிக்கு இன்ஃபெக்‌ஷனே இல்ல, ஆதாரம் தெளிவா இருக்கு, பலன் சீக்கிரம் கண்ணுக்குத் தெரியும்.

பெரும்பாலான ஆபரேஷனுக்கு செஃபசோலின் 2 கிராம் ஐவி, கத்தி வைக்கறதுக்கு முன்னாடி 60 நிமிஷத்துக்குள்ள. 120 கிலோவும் அதுக்கு மேலயும் இருக்கிறவங்களுக்கு 3 கிராம். ஆபரேஷன் 4 மணி நேரம் தாண்டினாலோ ஒன்றரை லிட்டருக்கு மேல ரத்தம் போனாலோ இன்னொரு டோஸ். பெருங்குடல் கேஸ்னா மெட்ரனிடசோல் சேத்துக்கலாம். சிசேரியனுக்கும் கத்தி வைக்கிறதுக்கு முன்னாடிதான், தொப்புள்கொடி கட்டுற வரைக்கும் காத்திருக்கிறது பழைய வழக்கம். ரிஸ்க் இல்லாத, திட்டமிட்டுப் பண்ற லேப்ராஸ்கோப்பிக் பித்தப்பை ஆபரேஷனுக்கு ஆன்டிபயாடிக்கே தேவையில்ல.

தையல் போட்டு முடிச்சா ஆன்டிபயாடிக்கும் முடிஞ்சது, ரொம்ப இழுத்தா 24 மணி நேரம். "டிரெய்ன் (காயத்துலருந்து நீர் வடிய வச்ச ட்யூப்) இருக்கே"ம்பாங்க, டிரெய்ன் இருக்குங்கறதுக்காக தொடர்றதுல பிரயோஜனம் இல்ல. "நம்ம தியேட்டர் அவ்ளோ சுத்தம் இல்லையே"ன்னு ஒருத்தர் மெதுவா சொல்லுவாரு, அந்த நேர்மையைப் பாராட்டணும். ஆனா தியேட்டர் சுத்தமில்லைன்னா தியேட்டரை சரி பண்ணணும், நோயாளிக்கு அஞ்சு நாள் செஃப்ட்ரியாக்சோன் போட்டா ஆட்டோகிளேவ் (கருவியைக் கிருமி நீக்குற மெஷின்) சரியாயிடாது. ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கங்க: குடல் ஓட்டை, வெடிச்ச அப்பெண்டிக்ஸ் எல்லாம் ப்ரொஃபைலாக்ஸிஸ் கணக்குல வராது, அது ட்ரீட்மென்ட்.

இந்த டோஸை யாரு போடுறது? வார்டுலயே போட்டு அனுப்பினா தியேட்டர் லேட்டாகி ரெண்டு மணி நேரம் கழிச்சு கத்தி வைப்பாங்க, போட்டதே வீண். மயக்க டாக்டர்கிட்ட ஒப்படைச்சிடுங்க, சேஃப்டி செக்லிஸ்ட்ல "60 நிமிஷத்துக்குள்ள ஆன்டிபயாடிக் போட்டாச்சா"ங்கற கேள்வி ஏற்கனவே இருக்கு, அதை டிக் அடிக்கிறதுக்குப் பதிலா நேரத்தை எழுதச் சொல்லுங்க. அதுக்கு முன்னாடி செஃபசோலின் உங்க பார்மசியில ஸ்டாக் இருக்கான்னு பாருங்க, பல இடத்துல இருக்காது, விலை கம்மிங்கறதால யாரும் இண்டென்ட் (வாங்குறதுக்கு ஆர்டர்) போட்டிருக்க மாட்டாங்க. ப்ரோட்டோகால் எழுதி மருந்து இல்லைன்னா முதல் வாரத்துலயே மானம் போயிடும்.

கூடவே காயத்துல சீழ் பிடிச்ச கேஸை எண்ணிட்டே வாங்க, ஆபரேஷன் ஆகி 30 நாள் வரைக்கும், வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்டாவது. ஆன்டிபயாடிக்கைக் குறைச்சும் இன்ஃபெக்‌ஷன் ஏறலைன்னு சர்ஜன் தன் சொந்த கேஸ்லயே பாத்தாதான் நம்புவாரு, எந்த ட்ரையலை (மருத்துவ ஆய்வை) காட்டினாலும் நம்ப மாட்டாரு.

படி 4: ரெண்டு பக்கத்துல உங்க ஆஸ்பத்திரி கைடுலைன்

ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) ட்ரீட்மென்ட் கைடுலைன் இலவசமா கிடைக்குது, அதை அடிப்படையா வச்சு உங்க லேப் ரிப்போர்ட்டோட சேத்துப் பாருங்க. வருஷத்துக்கு ஒரு தடவை ஆன்டிபயோகிராம் (எந்தக் கிருமிக்கு எந்த மருந்து எத்தனை சதவீதம் கேக்குதுங்கற பட்டியல்) போடச் சொல்லி மைக்ரோபயாலஜிஸ்ட்கிட்ட கேளுங்க. ஒரே நோயாளிக்கு நாலு தடவை கல்ச்சர் போயிருந்தா முதல்ல வந்ததை மட்டும் எண்ணணும், ஒரு கிருமிக்கு 30 சாம்பிளாவது இருந்தாதான் சதவீதம் போடணும், இல்லாட்டி ரெண்டு வருஷத்தைச் சேத்துக்கங்க. ஐசியுவைத் தனியாப் பிரிங்க, ஐசியு நம்பரைப் பாத்து வார்டு நோயாளிக்கு மெரோபெனம் போடுறது அடிக்கடி நடக்குற கூத்து.

உலக சுகாதார நிறுவனம் 2017-லருந்து ஆன்டிபயாடிக்கை அக்சஸ் (முதல்ல போடலாம்), வாட்ச் (யோசிச்சுப் போடணும்), ரிசர்வ் (கடைசிக்கு வைக்கணும்)னு மூணு குரூப்பாப் பிரிச்சிருக்கு. பச்சை, மஞ்சள், சிவப்பு ஸ்டிக்கரா பார்மசி ஷெல்ஃப்லயே ஒட்டிடுங்க. நாம கண்ணை மூடிட்டு எழுதுற செஃப்ட்ரியாக்சோன், அசித்ரோமைசின் ரெண்டுமே வாட்ச் குரூப்புன்னு தெரிஞ்சதும் பல டாக்டர்களுக்கே ஆச்சரியம்.

கைடுலைன்ல நம்ம ஊர் ஜுரம் கண்டிப்பா இருக்கணும். டெங்குன்னு உறுதியாச்சுன்னா ஆன்டிபயாடிக் வேண்டாம், "ப்ளேட்லெட் குறையுது, எதுக்கும் ஒரு ஆன்டிபயாடிக் கவர் போட்டுடலாம்"ங்கறதுக்கு அர்த்தமே கிடையாது. ஸ்க்ரப் டைஃபஸ்க்கு (பூச்சி கடிச்சு வர்ற ஜுரம்) டாக்சிசைக்ளின் வேணும், மெரோபெனம் வேலையே செய்யாது, அக்குள் இடுக்கு எல்லாம் பாத்து அந்தக் கருப்புப் பொருக்கைத் தேடறதுக்கு ரெண்டு நிமிஷம் செலவு பண்ணா ஏழு நாள் மெரோபெனம் மிச்சம். டைஃபாய்டுல செஃப்ட்ரியாக்சோன் போட்டாலும் ஜுரம் இறங்க நாலஞ்சு நாள், சில பேருக்கு ஒரு வாரம் கூட ஆகும், மூணாவது நாளே ஜுரம் விடலைன்னு மாத்தாதீங்க. நிமோனியாவுல லீவோஃப்ளாக்சசினை அவசரப்பட்டு எழுதினா டிபியைக் கொஞ்ச நாள் மறைச்சிடும், நம்ம நாட்டுல இதை மறக்கவே கூடாது. தண்ணியா பேதி போறவங்களுக்கு ஓஆர்எஸ் போதும், ஓஃப்லாக்சசின்-ஆர்னிடசோல் ஜோடியை யாரு இவ்ளோ பிரபலமாக்கினாங்களோ தெரியல.

படி 5: முதல் டோஸுக்கு முன்னாடி கல்ச்சர்

நிறுத்தணும்னா தைரியம் வேணும், தைரியம் கல்ச்சர்லருந்துதான் வரும். பெரியவங்களுக்கு ரெண்டு செட், ரெண்டு வெவ்வேற இடத்துல குத்தி, ஒவ்வொரு பாட்டிலுக்கும் 8லருந்து 10 மி.லி. ரத்தம். 3 மி.லி. எடுத்து ஒரு பாட்டில் அனுப்பிட்டு "நோ க்ரோத்"னு வந்தா அதுக்கு அர்த்தம் எதுவும் இல்ல. பாட்டில் ஐசியுவுலயும் கேஷுவாலிட்டியிலயும் ராத்திரியும் கைக்கு எட்டுற இடத்துல இருக்கணும், ஸ்டோர் சாவி பகல் ஆள்கிட்ட இருந்தா இந்தப் படி அங்கயே செத்துடும்.

செப்டிக் ஷாக்ல (கிருமித் தொற்றால பிபி சரிஞ்சு) இருக்கிறவருக்கு கல்ச்சருக்காக காத்திருக்கக் கூடாது, ஒரு மணி நேரத்துக்குள்ள மருந்து போகணும், ரத்தம் எடுக்க ரெண்டு நிமிஷம் ஆகும், எடுத்துட்டுப் போடுங்க.

வளர்ந்த எல்லாத்துக்கும் வைத்தியம் பண்ணாதீங்கன்னும் சொல்லணும். எரிச்சல், ஜுரம் எதுவும் இல்லாதவருக்கு யூரின்ல ஈ.கோலை வந்தா, கர்ப்பிணியாவோ யூராலஜி ஆபரேஷனுக்குப் போறவராவோ இல்லாத வரைக்கும், பெரும்பாலும் விட்டுடலாம். வென்டிலேட்டர் ட்யூப்ல அசினெடோபேக்டர்ங்கற கிருமி வந்துச்சுன்னு கோலிஸ்டின் மாதிரி கடைசி மருந்தைத் தூக்காதீங்க, எக்ஸ்ரே, ஆக்சிஜன், ஜுரம் என்ன சொல்லுதுன்னு முதல்ல பாருங்க, ட்யூப்ல குடியிருக்கிற கிருமியா இருக்கலாம்.

படி 6: 48 மணி நேரம், மொத்த வேலையும் இங்கதான்

மத்த படி எதை விட்டாலும் இதை விடாதீங்க. ஆன்டிபயாடிக் ஆரம்பிச்சு 48லருந்து 72 மணி நேரத்துக்குள்ள ஒரு ஆள் நின்னு நாலு கேள்வி கேக்கணும்: இன்ஃபெக்‌ஷன் உண்மையிலயே இருக்கா? கல்ச்சர்ல என்ன வந்துச்சு? இதைவிட குறுகின (குறைஞ்ச வகைக் கிருமியை மட்டும் தாக்குற) ஒண்ணுக்கு மாத்தலாமா, இல்ல மாத்திரைக்குப் போகலாமா? கடைசி நாள் எது?

நடைமுறையில இப்படிப் பண்ணுங்க. டிரக் சார்ட்ல ஆன்டிபயாடிக் வரிக்குப் பக்கத்துல ரெண்டு கட்டம்: காரணம், ரிவ்யூ தேதி. காரணம் எழுதறது நீங்க கண்டுபிடிச்ச ரூல் இல்ல, 2024 ஜனவரியில மத்திய சுகாதாரப் பணிகள் இயக்குநரகம் ஆன்டிபயாடிக் எழுதறப்ப காரணத்தையும் எழுதணும்னு டாக்டர்களுக்குக் கடிதமே அனுப்பியிருக்கு, அதைப் பிரின்ட் எடுத்து டியூட்டி ரூம்ல ஒட்டுங்க. தினமும் காலைல பார்மசி கணினியிலருந்து மூணாவது நாளைத் தொட்ட நோயாளிகள் லிஸ்ட் எடுங்க. கணினி இல்லாட்டி எச்1 ரெஜிஸ்டர்லருந்து ஆரம்பிங்க (பிப்டாஸ் மாதிரி சிலது அதுல வராது), அதை எப்படியும் எழுதித்தான் ஆகணும், மூணு வருஷம் வச்சிருக்கணும்னு சட்டம்.

லிஸ்ட்டை எடுத்துட்டு பார்மசிஸ்ட் வார்டுக்கு நேர்ல போகணும். போன் வேண்டாம், வாட்ஸ்அப் குரூப் வேண்டவே வேண்டாம், குரூப்ல எல்லார் முன்னாடியும் ஒரு டாக்டரோட ப்ரிஸ்கிரிப்ஷனைக் கேள்வி கேட்டீங்கன்னா அவர் அதுக்கப்புறம் ஜென்மத்துக்கும் உங்க பேச்சைக் கேக்க மாட்டாரு. ரவுண்ட்ஸ் முடியற நேரமாப் பாத்து நின்னு, கேள்வியா கேளுங்க:

"சார், 12-ஆம் பெட் அம்மாவுக்கு யூரின்லயும் ப்ளட்லயும் ஈ.கோலை வந்திருக்கு, செஃப்ட்ரியாக்சோன் சென்சிட்டிவ். மெரோபெனம் இன்னிக்கு மூணாவது நாள், ஜுரம் நேத்துலருந்து இல்ல. மாத்திடலாமா சார், இல்ல வேற ஏதாவது யோசிச்சு வச்சிருக்கீங்களா?"

"ஹையர் ஆன்டிபயாடிக் போட்டுத்தானேம்மா சரியாச்சு, இப்ப இறக்கி மறுபடி ஜுரம் வந்தா?"

"இந்த கிருமிக்கு ரெண்டும் ஒரே மாதிரி கேக்கும் சார். ஏழு நாள் கணக்குப் போட்டு ஸ்டாப் டேட்டும் எழுதிடலாமா? அம்மா நல்லா சாப்பிடுறாங்க, மாத்திரைக்கு மாத்த முடியுமான்னு நாளைக்கு வந்து பாக்குறேன் சார்."

அந்த "வேற ஏதாவது யோசிச்சு வச்சிருக்கீங்களா" மரியாதைக்கு மட்டும் இல்ல. சில நேரம் அவருக்கு நிஜமாவே காரணம் இருக்கும், சார்ட்ல எழுதாம மண்டைக்குள்ள வச்சிருப்பாரு. முடியாதுன்னு சொன்னா விட்டுடுங்க, குறிச்சு வச்சுக்கங்க, அடுத்த கேஸ்ல கேளுங்க. தினமும் வந்து நிக்கிற ஆளுக்குக் கொஞ்ச நாள்ல டாக்டரே கூப்பிட்டு "இதுக்கு என்ன போடலாம்"னு கேக்க ஆரம்பிப்பாங்க, உங்க வெற்றிக்கு அதைவிடப் பெரிய அளவுகோல் கிடையாது.

ஜுரம் விடலைன்னா உடனே பெரிய மருந்துக்கு ஏறுறதுதான் நம்ம பழக்கம். ஏர்றதுக்கு முன்னாடி பாக்க வேண்டியது: எங்கயாவது சீழ் கட்டியிருக்கா, கேனுலா போட்ட கை வீங்கியிருக்கா, மருந்தே ஜுரம் குடுக்குதா, டோஸ் சரியா போகுதா, ஆரம்பத்துலயே நோயைத் தப்பாப் புரிஞ்சுக்கிட்டோமா. வடிக்காத சீழுக்கு எந்த ஆன்டிபயாடிக்கும் பதில் கிடையாது. பிப்டாஸோட மெட்ரனிடசோல், மெரோபெனத்தோட மெட்ரனிடசோல் ஓடுறதையும் அப்பவே வெட்டிடுங்க, அனரோபுக்கு (ஆக்சிஜன் இல்லாம வளர்ற கிருமி) ரெண்டு மருந்து வயித்துக்குள்ள எந்தக் கேஸுக்கும் பொதுவா தேவைப்படாது. மெரோபெனம் ஓடுறவங்க வலிப்புக்கு வால்ப்ரோயேட் சாப்பிடுறாங்களான்னு பாத்தீங்களா? ரெண்டும் சேந்தா வால்ப்ரோயேட் அளவு சரிஞ்சு வலிப்பு வரும், இதைக் கண்டுபிடிச்சுச் சொன்ன அன்னிக்கே ஐசியு டாக்டருக்கு நீங்க வேண்டியவர் ஆயிடுவீங்க.

படி 7: சில மருந்துக்கு மட்டும் பூட்டு

கோலிஸ்டின், பாலிமிக்ஸின் பி, டைஜிசைக்ளின், லைனசோலிட், செஃப்டாசிடைம்-அவிபாக்டம், கூட மெரோபெனம். இதுக்கு மட்டும் ஒரு பக்க ஃபார்ம். முதல் 24 மணி நேரத்துக்கு யாரும் யாரையும் கேக்க வேண்டாம், ராத்திரி ஒரு மணிக்கு ஃபார்ம் இல்லைன்னு பார்மசி மருந்து தர மறுத்து நோயாளிக்கு ஏதாவது ஆச்சுன்னா உங்க ப்ரோக்ராமும் அன்னிக்கே முடிஞ்சுது. அடுத்த நாள் தொடரணும்னா ஃபார்ம் வேணும், கன்சல்டன்ட் கையெழுத்து வேணும். பட்டியலை நீட்டாதீங்க, 20 மருந்துக்குப் பூட்டு போட்டா எல்லாரும் கண்ணை மூடிட்டுக் கையெழுத்துப் போடுவாங்க.

படி 8: எத்தனை நாள்?

ஏழு, பத்து, பதினாலுங்கறதெல்லாம் பெரும்பாலும் பழக்கத்துல வந்த நம்பர். இப்ப ஆதாரம் இருக்கிறது: வெளியிலருந்து வந்த நிமோனியா, நல்லா தேறிட்டா 5 நாள். செல்லுலைட்டிஸ் (தோலுக்கு அடியில பரவுற தொற்று) 5 நாள். வென்டிலேட்டர் நிமோனியா 7 நாள். வயித்துக்குள்ள இன்ஃபெக்‌ஷன், ஆபரேஷன் பண்ணி மூலத்தை சரி பண்ணியாச்சுன்னா 4 நாள், 2015-ல வந்த ஸ்டாப்-இட் ட்ரையல் சொன்னது. ரத்தத்துல கிராம் நெகட்டிவ் (ஈ.கோலை மாதிரி கிருமி), மூலம் சரியாகி ஆள் தேறிட்டா 7 நாள், 2024-ல பேலன்ஸ் ட்ரையல் 7 நாளும் 14 நாளும் ஒண்ணுதான்னு காட்டிடுச்சு. இந்தக் கணக்கு செல்லாத இடமும் உண்டு: ரத்தத்துல ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் வந்தா குறைஞ்சது 14 நாள், அதுவும் கல்ச்சர் நெகட்டிவ் ஆன நாள்லருந்து எண்ணணும். எண்டோகார்டைட்டிஸ் (இதய வால்வுத் தொற்று), எலும்பு இன்ஃபெக்‌ஷன், வடிக்காத சீழ் இதெல்லாம் வேற கதை.

ஐவிலருந்து மாத்திரைக்கு மாறுறதை பார்மசிஸ்ட்டே ஞாபகப்படுத்தலாம். ஜுரம் இறங்கி ஒரு நாள் ஆச்சு, வாய் வழியா சாப்பிடுறாரு, வாந்தி இல்ல, பிபி நார்மல், அவ்ளோதான் கேள்வி. லீவோஃப்ளாக்சசின், மெட்ரனிடசோல், டாக்சிசைக்ளின், லைனசோலிட் எல்லாம் மாத்திரையா போட்டாலும் கிட்டத்தட்ட முழுசா ரத்தத்துல சேரும். டிஸ்சார்ஜ் சம்மரில "மொத்தம் 7 நாள், ஆஸ்பத்திரியில 4 நாள் முடிஞ்சது, மீதி 3 நாள்"னு எழுதச் சொல்லுங்க, இல்லைன்னா வீட்டுக்குப் போறப்ப புதுசா அஞ்சு நாள் தொடங்கும்.

படி 9: சிஸ்டர்களும் அட்டெண்டர்களும் (நோயாளி கூட இருக்கிற சொந்தக்காரங்க)

சார்ட்டை ஒரு ஷிஃப்ட்ல அதிக தடவை பாக்குறது சிஸ்டர்கள்தான். "டாக்டர், இன்னிக்கு அஞ்சாவது நாள்"னு ரவுண்ட்ஸ்ல சொல்ற உரிமையை அவங்களுக்குக் குடுங்க, முதல் தடவை சொன்ன சிஸ்டரை யாராவது முறைச்சா அன்னிக்கே சூப்பரின்டென்டென்ட் தலையிடணும். யூரின் கதீட்டர், சென்ட்ரல் லைன் இன்னிக்கு எடுக்கலாமான்னு கேக்குறதும் அவங்கதான், கை கழுவுறதும் இதுவும் சரியா நடந்தா பாதி ஆன்டிபயாடிக்குக்கு வேலையே வராது.

டெஸ்ட் டோஸ் பத்தி ஒரு வார்த்தை. அலர்ஜி எதுவுமே சொல்லாத நோயாளிக்கு செஃப்ட்ரியாக்சோனுக்கு முன்னாடி தோல்ல குத்திப் பாக்குறதுல பிரயோஜனம் இல்ல. லேசா சிவந்ததும் கேஸ் ஷீட்ல சிவப்பு மையில "அலர்ஜி"ன்னு எழுதிடுவாங்க, அந்த ஆளுக்கு வாழ்நாள் பூரா விலை ஜாஸ்தியான மருந்துதான். நேரா கேளுங்க: எந்த மருந்து, என்ன ஆச்சு, எவ்ளோ வருஷம் முன்னாடி. வயித்தால போனதைக் கூட அலர்ஜின்னு சொல்றவங்க உண்டு. நிஜமாவே மூச்சுத் திணறல், உடம்பு முழுக்க தடிப்புன்னு சொன்னா அதை விளையாட்டா எடுக்காதீங்க. எந்த மருந்தா இருந்தாலும் எமர்ஜென்சி ட்ரே பக்கத்துல இருக்கணும்.

அட்டெண்டர்களுக்கு "ஹையர் ஆன்டிபயாடிக்"னா நல்லா கவனிக்கிறாங்க, மாத்திரைன்னா கைவிட்டுட்டாங்க. "அம்மாவுக்கு ஊசியை நிறுத்திட்டீங்களே, காசு கட்டலைங்கறதாலயா சார்?"னு கேட்டு நின்ன மகன்களை நான் பாத்திருக்கேன். அதனால நிறுத்தறதுக்கு முந்தின நாளே சொல்லிடுங்க: "அண்ணே, கிருமி எதுன்னு தெரிஞ்சிடுச்சு, அதுக்கு மட்டும் கேக்குற மருந்துக்கு மாத்துறோம், அம்மா தேறிட்டு வர்றதாலதான் மாத்துறோம்." சொல்ற ஆள் டாக்டரா இருந்தா நல்லது, பில் கவுன்டர்ல தெரியவர்ற மாதிரி மட்டும் விடாதீங்க.

படி 10: அளந்து காட்டுங்க

ரெண்டு நம்பர் போதும். ஒண்ணு, 72 மணி நேரத்துக்குள்ள ரிவ்யூ எழுதப்பட்ட கேஸ் எத்தனை சதவீதம். ரெண்டு, டிடிடி கணக்கு (ஒரு பெரியவருக்கு ஒரு நாளைக்கான வழக்கமான அளவை வச்சு மருந்துச் செலவை எண்றது), பேரைக் கேட்டு பயப்படாதீங்க. மெரோபெனத்துக்கு ஒரு நாள் அளவு 3 கிராம்னு உலக சுகாதார நிறுவனம் வச்சிருக்கு. ஒரு மாசத்துல 1 கிராம் வயல் 180 செலவாச்சுன்னு வைங்க, 180-ஐ 3-ஆல வகுத்தா 60. அந்த மாசம் எல்லா நோயாளியும் படுத்திருந்த நாள்களைக் கூட்டினா 2,400. 60-ஐ 2,400-ஆல வகுத்து 1,000-ஆல பெருக்கினா 25. அதாவது 1,000 பெட் நாளுக்கு 25. செஃப்ட்ரியாக்சோனுக்கு வகுக்க வேண்டியது 2 கிராம். மாசா மாசம் ஒரு கிராஃப் போட்டு டாக்டர்ஸ் லவுஞ்ச்ல ஒட்டுங்க. குழந்தைகள் வார்டுக்கு இந்தக் கணக்கு சரிப்படாது, அங்க எத்தனை நாள் மருந்து ஓடுச்சுன்னு எண்ணுங்க.

டாக்டர் வாரியா பேர் போட்டு ஒட்டாதீங்க, அவரவர் நம்பரை அவரவர்கிட்ட கவர்ல போட்டுக் குடுங்க, டிபார்ட்மென்ட் சராசரியோட. மெரோபெனம் இறங்கி கோலிஸ்டின் ஏறுச்சுன்னா அது முன்னேற்றம் இல்லைங்கறதையும் பாத்துக்கங்க, ஒரு பக்கம் அமுக்கினா இன்னொரு பக்கம் உப்பும்.

கடைசியா வாரக்கடைசி. லிஸ்ட் எடுக்கிற ஆள் ஞாயித்துக்கிழமை லீவு, சீஃப் ரவுண்ட்ஸும் இருக்காது, வெள்ளிக்கிழமை ஆரம்பிச்ச மருந்தெல்லாம் திங்கக்கிழமை வரைக்கும் தானா ஓடும். அதனால வெள்ளிக்கிழமை சாயங்காலம் சனி, ஞாயிறுல மூணாவது நாளைத் தொடுற கேஸை எல்லாம் தனியா எழுதி, கல்ச்சர்ல இது வந்தா இதுக்கு மாத்து, எதுவும் வளரலைன்னா ஆள் நல்லா இருந்தா நிறுத்துன்னு கன்சல்டன்ட் கையாலயே எழுதி வாங்கி டியூட்டி டாக்டர்கிட்ட குடுத்துட்டுக் கிளம்புங்க. நீங்க லீவுல போனா அந்த லிஸ்ட்டை யாரு எடுப்பாங்கன்னும் அதே தாள்ல ஒரு பேர் இருக்கணும்.